மகாராணிக்குத் தாகம்

மகாராணி எதிரி நாட்டுத் தூதனின் தலையை வெட்ட ஆணையிட்டுக்கொண்டிருந்தார். ஆணை பாதியில் நின்றது.

“இந்தத் துரோகியை இழுத்துச் சென்று... மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.”

நிறுத்தினேன். ரெக்கார்டிங் அறையின் கனத்த கதவு திறந்தது. பிறகு அதற்கு அடுத்த கனத்த கதவு. செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓட்டமும் நடையுமாகப் போனது. அவருடைய போன் என் மேசைமேல் இருந்தது.

திரையில் தூதன் மண்டியிட்டபடி உறைந்திருந்தான். அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயுசு.

“இன்னிக்கு இது எத்தனாவது போன், தம்பி?” என்றார் டப்பிங் டைரக்டர்.

“எண்ணல சார்.”

“ஒரு ஆட்சியவே கவுக்கற அளவுக்குப் பேசியாச்சு.”

நான் ஒலிப்பதிவாளன். வெளிநாட்டுத் தொடர்களுக்கு எங்கள் மொழியில் குரல் கொடுக்கும் சின்ன ஸ்டுடியோ அது. பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில். எங்களுக்குக் கீழே ஒரு பல் டாக்டர். அவர் துளைபோடும்போது நாங்கள் பதிவு செய்ய முடியாது. எங்கள் மகாராணி கத்தும்போது அவர் துளைபோட முடியாது. நாற்காலியில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுகிறாராம்.

மகாராணிக்குக் குரல் கொடுப்பவர் என் மாமியார். கொடுமைக்காரப் பெண்களுக்குப் பேசியே காலம் தள்ளியவர். வீட்டில் அவர் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசக்கூட என்னைத்தான் அனுப்புவார். மைக் முன்னால் நின்றால் ரத்தம் கேட்பார்.

போன வருஷம் என் மனைவி ஒரு காய்ச்சலில் இறந்துபோனாள். நானும் அத்தையும் அதே வீட்டில் தங்கிவிட்டோம். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. “சாப்டீங்களா?” என்று அவர் கேட்பார். “ஆச்சு அத்தை” என்று நான் சொல்வேன். மற்றப் பேச்செல்லாம் ஸ்டுடியோவில், நடுவில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மைக் வழியாக. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

போன் விஷயம் எனக்குத் தெரியும். ஹெட்போன் மாட்டியவனிடம் எதை மறைக்க முடியும்? வசனத்தின் கடைசி வரி நெருங்கும்போது கால் மாற்றி நிற்கும் சத்தம். துணி உரசும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. அவசரம் வந்தால் அவரால் ஒரு நிமிஷம் தாங்க முடியவில்லை. அதை மாப்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? மகாராணியின் வாயாலும் சொல்ல முடியாது. அதனால் போன்.

தூதனின் தலை ஒருவழியாகப் போன அன்று டைரக்டர் எல்லோரையும் டீக்குக் கூப்பிட்டார். மந்திரி வந்தார். இளவரசி வந்தாள். எங்கள் ஸ்டுடியோவில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. மந்திரிக்குப் பேசுபவர் மந்திரி, இளவரசிக்குப் பேசும் பெண் இளவரசி. மந்திரிக்கு வயிறு பெரிசு, மூக்கு எப்போதும் அடைப்பு. இளவரசி இருபத்து சொச்சம் வயது, யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள்.

“இந்த மாசத்தோட முதல் பாகம் முடியுது. மகாராணி செத்துடறாங்க,” என்றார் டைரக்டர்.

“அப்பாடா,” என்றார் மந்திரி. “நிம்மதியா ஊழல் பண்ணலாம்.”

“ரெண்டாம் பாகத்துல பேயா வர்றாங்க. முழுப் பாகமும் பேய்தான்.”

“அடக் கடவுளே.”

டைரக்டர் அத்தையைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துப் பேசினார். “சீரியல் கம்பெனி ஆள் வந்திருந்தார். சாவுக் காட்சி நீளம். அத ஒரே ஓட்டமா பேசணுங்கறார். வெட்டி வெட்டி ஒட்டினா குரல் ஏறி இறங்குதாம். அக்காவால நிக்க முடியலன்னா...” என்று இழுத்தார். “இந்தப் பொண்ணு அன்னிக்கு வராந்தால மகாராணி மாதிரி பேசிக் காட்டினத அவர் கேட்டுட்டார். யார் சாகறாங்களோ அவங்கதான் பேய்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

“நான் சும்மா விளையாட்டுக்குப் பேசினேன் சார்,” என்றாள் இளவரசி. ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

அத்தை டீயைக் குடித்து முடித்தார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“பேய விட்டுக் குடுக்க மாட்டேன், மாப்பிள்ளை.”

“சரி அத்தை.”

“பணத்துக்காக இல்ல. வேலை இல்லன்னா பகல்ல வீட்லதான் உக்காரணும். அந்த வீட்ல பகல்ல என்னால உக்கார முடியாது.”

என்னாலும் முடியாது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். என்னை உள்ளே விடவில்லை. “இதெல்லாம் மாப்பிள்ளை கேக்கற விஷயமில்ல” என்று கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் முணுமுணுப்பு. பிறகு டாக்டரின் குரல் உயர்ந்தது. “ஐயோ, நீங்களா அது? எங்க வீட்ல தினமும் உங்க குரல்தான்! ஒரே ஒரு தடவ சொல்லுங்களேன்!” அடுத்த நொடி மகாராணி அங்கிருந்த நர்சைப் பாதாளச் சிறையில் தள்ளச் சொன்னார். ஒரே சிரிப்பு. உள்ளே இருந்த நேரத்தில் பாதிக்கு மேல் அரசவைதான் நடந்தது. வைத்தியம் மீதி நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தவர் கையில் மாத்திரை அட்டை.

“என்ன சொன்னார் அத்தை?”

“போன் குறையும்னார்.”

குறைந்தது. ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. மகாராணி தொடர்ந்து இரண்டு படையெடுப்புகளை முடித்தார். டைரக்டர் அவருடைய போனைக் கையில் எடுத்துப் பார்த்து, “கெட்டுப் போச்சா?” என்றார். நக்கல்தான். அத்தை அவரைப் பாதாளச் சிறைக்கு அனுப்பினார்.

எனக்கு வேறொன்று கேட்க ஆரம்பித்தது. டிக். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில், டிக். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் அது. மைக் அதை எறும்பு நடப்பதுபோலப் பிடித்துவிடும். குரல் கலைஞர்கள் இதற்குப் பச்சை ஆப்பிள் கடிப்பார்கள். அத்தைக்கு ஒரு கூடை வாங்கிக் கொடுத்தேன். வசனம், கடி, வசனம், கடி. மகாராணி ஒரு கையால் போர்ப் பிரகடனம் செய்துகொண்டே மறு கையால் ஆப்பிள் தின்றார்.

“குதிரைப் படைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க,” என்றார் மந்திரி.

டிக்குகளை ஒவ்வொன்றாக அழித்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யோசிக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் நாள் என்று ஒன்று கிடையாது. கால்ஷீட்தான். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஒன்று. அதன் பிறகு விளக்கு போடும் வரை ஒன்று. சம்பளம், டீ, பிஸ்கட், கோபம், சமாதானம், எல்லாமே கால்ஷீட் கணக்கு. நேற்று என்று யாரும் சொல்வதில்லை, போன கால்ஷீட் என்பார்கள். சாவுக் காட்சிக்கு நாள் குறித்ததும் டைரக்டர் இரட்டை கால்ஷீட் போட்டார். எல்லாம் இரட்டையானது.

மதியத்துக்குப் பின்னால் டிக் அதிகமாகக் கேட்டது. வசனத் தாளைப் பெரிய எழுத்தில் அடித்துத் தரச் சொன்னார் அத்தை. எழுத்து பஞ்சு மாதிரி இருக்கிறதாம். வயதாகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் போன் என்ற பேச்சே இல்லை. ஒரு முழுப் பிற்பகல் அவர் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாருங்கய்யா. இதுதான் தொழில் பக்தி. நீங்களும் இருக்கீங்களே, மூணு வரி பேசிட்டு ரெண்டு டீ.”

“எனக்கு மூக்கடைப்பு சார்,” என்றார் மந்திரி.

“உமக்கு வாயடைப்பு வரணும்.”

சாவுக் காட்சி இரண்டாவது கால்ஷீட்டில் வந்தது. அன்று வெயில் அதிகம். பதிவு ஓடும்போது ஏசியை நிறுத்திவிடுவோம். அதன் இரைச்சல் மைக்கில் விழும். ரெக்கார்டிங் அறை அடுப்பங்கரையாகிவிடும். மந்திரி மகாராணியின் காலடியில் அழ வேண்டிய காட்சி. அவர் சட்டை உடம்போடு ஒட்டி, நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. அத்தைக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

“அக்காவுக்கு வேர்க்கவே இல்ல பாருங்க,” என்றார் டைரக்டர் பெருமையாக. “ராஜ வம்சம்.”

“மூக்கு ஒரு மாதிரி கட்டியிருக்கு,” என்றார் அத்தை. குரல் கரகரத்தது.

“இந்தாங்க, நம்ம மாத்திரை,” என்று மந்திரி சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சளிக்கான மாத்திரை. அவர் அதை எல்லோருக்கும் மிட்டாய் மாதிரி கொடுப்பார். “அரை மணி நேரத்துல குரல் கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

அத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். டைரக்டர் மந்திரியின் அழுகையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அவர் அழுதால் கொட்டாவி விடுவதுபோல இருந்தது. மகாராணியின் முறை வரும்போது அரை மணி கடந்திருந்தது.

சிவப்பு விளக்கைப் போட்டேன். திரையில் மகாராணி பட்டு மெத்தையில் கிடந்தார். அத்தை ஆரம்பித்தார்.

“என் கண்கள் இருள்கின்றன. விளக்குகளை ஏற்றுங்கள். என் அரண்மனையில் இருட்டா?”

அருமையாக இருந்தது. இளவரசி என் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நான் வென்ற நாடுகள் எங்கே? நான் வளர்த்த யானைகள் எங்கே?” ஒரு நிறுத்தம். டிக். “அவ எங்க? இன்னும் வரலியே.”

டைரக்டர் தாளைப் பார்த்தார். அந்த வரி தாளில் இல்லை.

“மழை வேற கொட்டுது. கொடை எடுத்துட்டுப் போனாளா? சொன்னா கேக்க மாட்டா. வந்ததும் துவட்டிக்கன்னு சொல்லணும்.”

டைரக்டர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். “நிறுத்தாதீங்க! மகாராணிக்குப் பொண்ணு ஜெயில்ல இருக்குல்ல? அதத்தான் கேக்கறாங்க! சொந்தமா போடறாங்க! ஐயோ, என்னா நடிப்பு!” பிறகு கொஞ்சம் குழம்பினார். “அந்தக் காலத்துல கொடை இருந்துச்சா?”

அது மகாராணியின் குரல் இல்லை. பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். வீட்டுக் குரல். மகாராணிக்குத்தான் மகள் சிறையில் இருந்தாள்.

பதிவை நிறுத்தினேன்.

“தம்பி! உங்களுக்கு என்ன பைத்தியமா?”

இரண்டு கதவுகளையும் திறந்துகொண்டு உள்ளே போனேன். அத்தை மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையைத் தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. ஈரமே இல்லை. கண்ணின் பாப்பா பெரிதாக விரிந்திருந்தது.

“அத்தை.”

“நீங்க யாரு?” என்றார். பிறகு, “கதவத் திறந்து வையுங்க. அவ வருவா.”

மந்திரி முன்னால் இரண்டு கைகளையும், நான் பின்னால் இடுப்பையும் பிடித்துப் படி இறக்கினோம். பாதிப் படியில் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, “செத்துட்டாங்களா?” என்று கேட்டார். அவர் கதையைத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இளவயதுப் பெண் டாக்டர். ஈரத் துணி, விசிறி, கையில் சொட்டு மருந்து, நெஞ்சில் கம்பிகள். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “மூத்திரப் பை கல்லு மாதிரி இருக்கு. கடைசியா எப்ப போனாங்க?” எனக்குத் தெரியவில்லை. மந்திரிக்கும் தெரியவில்லை. குழாய் போட்டார்கள். நர்ஸ் பையைத் தூக்கிப் பார்த்து, “அம்மாடி!” என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். போன வருஷமும் இதே மாதிரி பெஞ்ச், இதே நிறச் சுவர். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அடைப்பா அழுகையா தெரியவில்லை.

“நான் ஏதாவது தப்பா குடுத்துட்டேனா தம்பி?”

“தெரியல சார்.”

“மூக்கு மாத்திரை தானே? நான் தினமும் போடறேன். என்னைப் பாருங்க, எப்படி இருக்கேன்!”

பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து அத்தைக்குத் தெளிந்தது. என்னை அடையாளம் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “நீங்க ஏன் இங்க இருக்கீங்க? வெளிய போங்க மாப்பிள்ளை.”

“அவர் இருக்கட்டும்,” என்றார் டாக்டர். அத்தையின் கைப்பையில் கிடைத்த மருந்துச் சீட்டு அவர் கையில் இருந்தது. “வீட்ல உங்களோட இருக்கறது அவர்தானே? அப்ப அவருக்கும் தெரியணும். மூத்திரத்த அடக்க முடியலன்னு மாத்திரை சாப்பிடறீங்க. சரியா?”

மறைத்து வைத்த சொல் கட்டிலுக்கு நடுவில் வந்து விழுந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நான் சொட்டு மருந்தின் சொட்டுகளைப் பார்த்தேன்.

“இன்னிக்கு எத்தன சாப்ட்டீங்க?”

“எழுதிக் குடுத்த மாதிரிதான். ரெண்டு.”

“இதுல ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு இருக்கு.”

“ஆமா. கால்ஷீட்டுக்கு ஒண்ணு. இன்னிக்கு ரெட்டை.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “கால்ஷீட்னா?”

விளக்கினேன். மந்திரியும் உதவிக்கு வந்தார். “ஒரு கால்ஷீட்னா எங்களுக்கு ஒரு நாள் வேலைங்க. ரெட்டைன்னா ரெண்டு நாள் சம்பளம், ரெண்டு சாப்பாடு. அம்மா கணக்கு சரியாத்தான் போட்டிருக்காங்க.”

“சரியாவா?” டாக்டருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. “சார், மாத்திரைக்கு உங்க கால்ஷீட் தெரியாது. இது ஒரு தடவ முழுங்கினா உள்ள கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு ஒரு முழு பகல், ஒரு முழு ராத்திரி வேலை செய்யும். அது முடியறதுக்குள்ள இன்னொண்ணப் போட்டா ரெண்டும் சேர்ந்துக்கும். பை சுருங்காம இருக்கத்தான் இது. அதிகமானா பை சுருங்கவே சுருங்காது. எச்சில் ஊறாது, கண்ணு மங்கும், வேர்வை வராது. வேர்வை வராத உடம்ப சூடான அறையில அடைச்சு வெச்சா என்ன ஆகும்?”

“இப்படி ஆகும்,” என்றார் மந்திரி.

“புத்தி தடுமாறும். இந்த வயசுல சீக்கிரமே தடுமாறும். வேற ஏதாவது சாப்ட்டாங்களா?”

மந்திரி எழுந்து நின்றார். வகுப்பில் மாட்டிக்கொண்டவர் மாதிரி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“போச்சு. இதுவும் அதே மாதிரி காய வைக்கற மருந்துதான். மூக்கு மட்டும் காயாது, எல்லாமே காயும். யாருக்கும் இத நீங்களா குடுக்காதீங்க.”

“சத்தியமா இல்லங்க. இனிமே மூக்கு அடைச்சா அடைச்சதுதான்.”

அத்தை கண்ணைத் திறந்தார். “அப்ப நடுவுல கடிச்சுப் பாதி பாதியா சாப்பிடலாமா?”

“கூடாது!” டாக்டர் கிட்டத்தட்ட கத்தினார். “கடிச்சா, நுணுக்கினா, மொத்த மருந்தும் ஒரேடியா இறங்கிடும். முழுசா முழுங்கணும், தண்ணியோட. ஒரு நாள் மறந்துட்டா மறந்ததுதான், மறுநாள் சேத்துப் போடக் கூடாது. மூத்திரம் வரவே மாட்டேங்குதுன்னா, இல்ல இந்த மாதிரி உளற ஆரம்பிச்சா, உடனே வரணும். இப்ப சில நாள் ஒண்ணுமே வேண்டாம். உங்க டாக்டரப் பாருங்க. குறைச்சு எழுதுவாரு, இல்ல வேற மருந்து எழுதுவாரு. போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்களோ அத்தனையும் சொல்லணும். கண்ணுல அழுத்தம் இருக்கா, மலச்சிக்கல் இருக்கா, எல்லாம்.”

“அவர் கேட்டார்னு நினைக்கறேன்,” என்றார் அத்தை சன்னமாக. “அப்ப நான் நர்ஸத் தண்டிச்சிட்டிருந்தேன்.”

டாக்டருக்கு அது புரியவில்லை. அவர் டிவி பார்ப்பதில்லையாம்.

மறுநாள் கிளம்பும் முன் அத்தை என்னைக் கேட்டார்: “நான் உள்ள ஏதாவது உளறினேனா?”

“கொஞ்சம்.”

“என்ன?”

“மழை பெய்யுதுன்னீங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கம்பெனி ஆள் கொடுத்த கெடுவின் கடைசி நாளில் ஸ்டுடியோவுக்குப் போனோம். மாத்திரை நிறுத்தி வைத்திருந்தது. பஸ் நிற்பதற்குள் அத்தை இறங்கிப் படியேறிவிட்டார். டைரக்டர் வாசலிலேயே என்னை ஓரங்கட்டினார்.

“தம்பி, நல்ல செய்தி. அக்கா எதுவும் பேச வேண்டாம். அன்னிக்கு எடுத்தது இருக்கே, ‘அவ இன்னும் வரலியே’ன்னு, அதயே வெச்சுடலாம். கம்பெனி ஆளுக்குப் போட்டுக் காட்டினேன். மனுஷன் கண்ணத் துடைக்கறார். கொடைய மட்டும் வெட்டிடுங்க. சாவும் ஆச்சு, பேயும் அக்காவுக்குத்தான்.”

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் அத்தை நின்றிருந்தார்.

“நான் கேக்கணும்.”

“எதுக்குக்கா? அதான் நல்லா...”

“போடுங்க மாப்பிள்ளை.”

ஹெட்போனைக் கொடுத்தேன். படத்தோடு சேர்த்து ஓட்டினேன். அவர் நின்றபடி கேட்டார். கண் திரையில் மகாராணியின் உதட்டைவிட்டு நகரவில்லை. விளக்குகள், நாடுகள், யானைகள். பிறகு மழை. பிறகு குடை. மந்திரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். இளவரசி தன் நகத்தைப் பார்த்தாள்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சிங்க் இல்ல.”

உதடும் குரலும் ஒன்றாக விழுவதை எங்கள் தொழிலில் சிங்க் என்போம். டைரக்டர் உயிரை விடுவது அதற்குத்தான்.

“அக்கா, உணர்ச்சி எப்படி இருக்கு!”

“உணர்ச்சி இருக்கு. சிங்க் இல்ல. அந்தம்மா வாய மூடினப்புறமும் நான் பேசிட்டிருக்கேன். கேக்கறவங்க சிரிப்பாங்க. அழிச்சிடுங்க மாப்பிள்ளை.”

“அக்கா, இது போச்சுன்னா புதுசா பேசணும். கெடு இன்னிக்கு. நடுவுல வெளிய போனா நான் இந்தப் பொண்ண உள்ள அனுப்புவேன். எனக்கு வேற வழியில்ல. அப்புறம் பேயும் அவளுக்குத்தான்.”

“அனுப்புங்க.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அழிப்பதற்கான பொத்தானை அழுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். பிறகு அவர் இரண்டு கதவுகளையும் தாண்டி உள்ளே போனார்.

இந்த முறை அறையை முன்கூட்டியே குளிர வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு. அத்தை ஆரம்பித்தார். விளக்குகளை ஏற்றச் சொன்னார். நாடுகளைக் கேட்டார். யானைகளைக் கேட்டார். மந்திரி உண்மையிலேயே அழுதார், கொட்டாவி போல இல்லை. உதட்டசைவோடு ஒட்டி வசனம் விழுந்தது. ஒரு டிக் இல்லை.

கடைசிப் பக்கத்தில் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. துணி உரசியது. பல்லிடுக்கில் மூச்சு. இன்னும் நாலு வரி. மூன்று. “என்னைப் புதைத்தாலும் இந்த அரண்மனையைவிட்டுப் போக மாட்டேன்.” அதுதான் கடைசி வரி. அதன் பிறகு ஒரு நீண்ட மூச்சு மட்டும். அது வெளியே போக வேண்டும், திரும்பி வரக் கூடாது.

“மாப்பிள்ளை, மூத்திரம். வந்துடறேன்.”

மைக்கில் கணீரென்று சொன்னார். மகாராணியின் குரல் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அது அரசாணை மாதிரி இருந்தது. கதவு, கதவு, செருப்பு.

“ஐயையோ!” டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரே ஒரு மூச்சு! ஒரு மூச்ச விட்டுட்டுப் போகக் கூடாதா? உலகத்துல எவனாவது சாவ பாதியில நிறுத்திட்டு...” இளவரசி பக்கம் திரும்பினார். “நீ போம்மா. அந்த மூச்ச விட்டுடு. சீக்கிரம்.”

“வெறும் மூச்சுதானே சார்,” என்றார் மந்திரி.

“மூச்சுதான்யா சாவு! செத்தது யாருன்னு நாளைக்குக் கேட்டா நான் என்ன சொல்றது? போம்மா!”

இளவரசி போனாள். மைக் முன் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். டைரக்டர் கையைத் தூக்கினார்.

நான் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்.”

“என்னது?”

“ஹேங்.”

“இப்பவா? பாருங்க! எதையாவது தட்டுங்க!”

தட்டினேன். மேசையைத் தட்டினேன். திரையில் மகாராணி வாய் பிளந்து உறைந்திருந்தார். கம்ப்யூட்டர் விசிறி அமைதியாகச் சுற்றியது. மந்திரி எட்டி மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டைரக்டருக்கும் மானிட்டருக்கும் நடுவில் தன் வயிற்றோடு வந்து நின்றுகொண்டார்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம். நான் மகாராணி காலைப் பிடிச்சு அழறேனே, வலது காலா, இடது காலா?”

“யோவ், குரலுக்கு எந்தக் கால்யா?”

“மனசுல ஒரு தெளிவு வேணும்ல?”

உள்ளே இளவரசி சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “சார், எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு,” என்றாள். இருமிக் காட்டினாள். இருமலை மட்டும் அவளால் நம்பும்படி செய்ய முடியவில்லை.

“உனக்குமா? இந்த ஸ்டுடியோவுக்கு என்னய்யா ஆச்சு!”

வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது. ஓட்டமில்லை, நிதானமான நடை. அத்தை உள்ளே போனார். இளவரசி நகர்ந்து இடம் விட்டாள். “உங்க மூச்சு அம்மா,” என்றாள், “பத்திரமா இருக்கு.”

“சிஸ்டம்?” என்று உறுமினார் டைரக்டர்.

“இப்பதான் சரியாச்சு சார்.”

ஓட்டினேன். மகாராணி மூச்சை விட்டார். அது போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. திரையில் உதடு மூடியபோது குரலும் நின்றது. மந்திரி மூக்கைச் சிந்த வாய்ப்புக்காகக் காத்திருந்தார். டைரக்டர் என் பக்கம் குனிந்தார்.

“ஒட்டு தெரியுமா தம்பி?”

“தெரியாது.”

“கம்பெனி ஆளுக்கு?”

“அவர் காது அவ்வளவு நல்லா இல்ல சார்.”

டைரக்டர் மைக் பொத்தானை அழுத்தினார். “அக்கா. பேய் அடுத்த மாசம் ஆரம்பிக்குது. ஒத்தை கால்ஷீட்தான் போடுவேன். நடுநடுவுல எங்க வேணா போயிட்டு வாங்க. பேய்தானே, திடீர் திடீர்னு காணாமப் போனா யாரும் கேக்க மாட்டாங்க.”

அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

“மாப்பிள்ளை, எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க.”

மைக் பொத்தானை அழுத்தினேன். “நல்லா செத்தீங்க அத்தை.”

அவர் சிரித்தார். வீட்டுக் குரலுமில்லை, மகாராணியுமில்லை. இந்தச் சிரிப்பை இதற்கு முன் நான் பதிவு செய்ததில்லை. ஒலி மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்த் திரும்பியது. நான் ஒலியைக் குறைக்கவில்லை.